நாரத்தையா லிச்சியா: சொந்த மண்ணில் ஜெயித்த ஒரு சனிக்கிழமை

2 மார்ச் 2024, ஒரு வாசகரின் கேள்வி
சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டர்பனுக்குப் போயிருந்தபோது நண்பர்கள் மோசஸ் மபிடா மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். கால்பந்து லீக் ஆட்டம். உள்ளூர் அணி ஜெயித்தது. சுற்றியிருந்தவர்கள் துள்ளினார்கள், ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோல் விழுந்ததை மறுபடி காட்டவும் இல்லை, யார் அடித்தார் என்றும் புரியவில்லை. சொந்த அணி சொந்த மைதானத்தில் ஜெயிப்பதை நேரில் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது? வீட்டில் நாற்காலியில் சாய்ந்து பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

3 மார்ச், காலை
ஒன்றும் தோன்றாததில் வியப்பில்லை. முகம் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பாரில் உப்பு போதுமா என்பதுதான் தெரியும். தாலி கட்டும்போது கண் கலங்காது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1997. தென்னாப்பிரிக்காவில் பிரிமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவம். கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ், சன்டவுன்ஸ் என்று பணமும் கூட்டமும் உள்ள அணிகள் எல்லாவற்றையும் பின்னால் தள்ளிப் பட்டம் வென்றது எங்கள் மானிங் ரேஞ்சர்ஸ். 1928-இல் டர்பனில் தொடங்கிய இந்தியர்களின் சங்கம். சொந்த மைதானம் சட்ஸ்வொர்த். டர்பனுக்குத் தென்மேற்கே, மேட்டிலும் பள்ளத்திலும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டி இந்தியர்களைக் கொண்டுவந்து போட்ட ஊர் அது. நான் பிறந்ததும் அங்கேதான்.

பட்டம் உறுதியான அந்த ஆட்டத்துக்கு அப்பா என்னையும் அண்ணனையும் கூட்டிப் போனார். குளிர்காலம். சிமெண்டுப் படியில் செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். அப்பாவின் கோட்டுப் பையில் நாரத்தை. ஒவ்வொன்றாக உரித்து, தோலைக் கீழே போடாமல் அதே பைக்குள் திணித்துக்கொண்டார். எதிரணி மஞ்சள் சட்டை. கடைசிப் பத்து நிமிடத்தில் வலப்பக்க மூலையிலிருந்து ஒரு கார்னர். பந்து உயரமாக வந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில் எங்கள் ஆள் எழும்பி, கழுத்தை ஒரு வெட்டு வெட்டினார். பந்து தரையில் ஒருமுறை குத்தி, கோல்காப்பாளரின் இடது கைக்கு அடியில் உள்ளே போனது. அப்பா எழுந்து நின்று "முருகா!" என்று கத்தினார். பகல் முழுதும் ஆங்கிலம் பேசும் மனிதர், வீட்டில் பாட்டியிடம் மட்டும் தமிழ் பேசுபவர், பத்தாயிரம் பேருக்கு நடுவில் முருகனைக் கூப்பிட்டார். தொலைக்காட்சிக்கு முன்னால் அவர் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. உங்கள் நாற்காலிக்கு இதுதான் என் பதில்.

3 மார்ச், இரவு
ஒன்று விட்டுப்போனது. எங்களுக்குப் பின்வரிசையில் ஜூலுக்காரர்கள் நான்கைந்து பேர். கோல் விழுந்ததும் அவர்கள் "லடூமா!" என்றார்கள். ஜூலு மொழியில் இடி இடித்தது என்று பொருள். இந்த நாட்டில் கோலுக்கு அதுதான் சொல், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வர்ணனையாளர்கள் மூச்சு முட்டும்வரை இழுப்பார்கள். அப்பாவின் முருகாவும் அவர்களுடைய இடியும் ஒரே நேரத்தில் என் தலைமேல் விழுந்தன.

பத்தாயிரம் பேர் என்று காலையில் எழுதியது ஒரு பேச்சுக்குச் சொன்னது. நான் எண்ணவில்லை.

5 மார்ச்
"நாரத்தையை யார் அம்மா பச்சையாக உரித்துத் தின்பார்கள்? உப்புப் போட்டு ஊறுகாய் அல்லவா போடுவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இங்கே ஆஃப்ரிகான்ஸ் மொழியில் "நார்ட்ஜி" என்று ஒரு பழம் உண்டு. கமலா ஆரஞ்சு போல, தோல் தளர்ந்து, விரல் வைத்தாலே கழன்று வரும். அந்தச் சொல் நம் நாரத்தையிலிருந்து போனது என்று அகராதிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். சொல் கடல் கடந்தது, கசப்பு ஊரிலேயே தங்கிவிட்டது. சட்ஸ்வொர்த்தில் கிழவிகள் அதை நாரத்தை என்றே சொல்வார்கள், நானும் அதே வழக்கத்தில் எழுதிவிட்டேன்.

மைதானத்துக்கும் அந்தப் பழத்துக்கும் பழைய உறவு. ரக்பி ஆட்டங்களில் நடுவர் தவறாக ஊதினால் கூட்டத்திலிருந்து நார்ட்ஜி பறக்கும். அப்பா எறிந்ததில்லை. அவருக்குப் பழத்தை வீணாக்குவது நடுவரின் தவறைவிடப் பெரிய தவறு.

6 மார்ச், இரவு பதினொன்று
அண்ணன் தொலைபேசியில் அழைத்தான். நான் எழுதியதை யாரோ அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முக்கால் மணி நேரம் பேசினான், அதில் அரை மணி நேரம் சிரிப்பு. அவன் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

முதலாவது, அது பட்டம் வென்ற ஆட்டம் இல்லை. பருவத்தின் 34 ஆட்டங்களில் நடுவில் வந்த ஒன்று.

இரண்டாவது, எதிரணி கைசர் சீஃப்ஸ் இல்லை. நான் சீஃப்ஸ் என்று எங்கே எழுதினேன் என்று மேலே போய்ப் பார்த்தேன். மஞ்சள் சட்டை என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதும்போது மனதில் சீஃப்ஸ்தான் இருந்தது. அண்ணனுக்கு அது தெரிந்துவிட்டது. "சீஃப்ஸ் வந்திருந்தால் நம் பக்கத்துப் படியிலும் பாதிப் பேர் மஞ்சளில் உட்கார்ந்திருப்பார்கள், உனக்குப் பின்னால் லடூமா கேட்டிருக்காது, வசவுதான் கேட்டிருக்கும்" என்றான். உண்மை. சீஃப்ஸும் பைரேட்ஸும் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே அவர்களுக்குப் பாதி ஊர் சொந்தம். உள்ளூர் அணி சொந்த மைதானத்தில் விருந்தாளியாக ஆடவேண்டியிருக்கும்.

மூன்றாவது, நாரத்தை இல்லை, லிச்சி.

நான்காவதை இப்போது எழுத மனமில்லை.

7 மார்ச்
லிச்சி என்று அவன் சொன்னதை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. என் மூக்குக்குத் தெரியாதா? அந்தத் தோலின் வாசனை இப்போதும் என் விரலில் இருக்கிறது. ஆனால் அண்ணன் ஒரு சாட்சி வைத்திருக்கிறான், அவனுடைய இடது கை.

1996 டிசம்பர் விடுமுறையில் பெரியப்பா வீட்டு மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். முழங்கைவரை மாவுக்கட்டு. அந்தக் கட்டோடுதான் ஆட்டத்துக்கு வந்தான், வாயிலில் நின்ற ஆள் அவனுடைய கட்டைத் தட்டிப் பார்த்து "இதற்குள் பாட்டில் எதுவும் இல்லையே?" என்று கேட்டார். இது எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. வாயில்காரர் எங்கள் தெருக்காரர்தான், வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார்.

டிசம்பர் என்றால் இங்கே கொதிக்கும் கோடை. நார்ட்ஜி குளிர்காலத்துப் பழம், டிசம்பரில் தேடினாலும் கிடைக்காது. டிசம்பர், ஜனவரி என்றால் டர்பன் சாலையோரமெல்லாம் லிச்சிக் கொத்துதான். பருவம் தொடங்குவது ஆகஸ்டில், பட்டம் முடிவாவது மறு ஆண்டின் நடுவில், குளிரில். ஆக, மாவுக்கட்டும் பட்டமும் ஒரே நாளில் இருக்க முடியாது. பழக்கடைக்காரரே நடுவராக வந்து என் கோலைச் செல்லாது என்று ஊதிவிட்டார்.

அந்தப் படியும் சூடாக இருந்தது என்று இப்போது நினைவுக்கு வருகிறது. செய்தித்தாள் போட்டது குளிருக்காக இல்லை, தொடை வெந்துவிடாமல் இருக்க.

8 மார்ச்
நான்காவதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவனே யாரையாவது பிடித்து எழுத வைப்பான்.

நான் அந்தக் கோலைப் பார்க்கவில்லை.

லிச்சிப் பை என் மடியில் இருந்தது. கார்னர் கிடைத்ததும் எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். பை கவிழ்ந்தது. பழங்கள் படிப்படியாக உருண்டு கீழ்வரிசைக்குப் போயின. எனக்கு அப்போது பதினைந்து வயது, கீழே உட்கார்ந்திருந்த அம்மாளின் முந்தானையில் இரண்டு விழுந்ததைப் பார்த்து வெட்கத்தில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். கையில் ஐந்தாறு லிச்சியோடு, முகம் யாருடைய முழங்காலுக்கோ எதிரில் இருந்தபோதுதான் மேலே இடி இடித்தது. முருகா கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

அப்படியானால் கழுத்தை வெட்டியது, தரையில் குத்தியது, இடது கைக்கு அடியில் போனது? அதெல்லாம் அண்ணன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஒரு லிச்சிக் கொட்டையைப் போடச் சொல்லி, மாவுக்கட்டைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, நடுத்தெருவில் ஐந்து முறை தலையால் முட்டிக் காட்டினான். நான்தான் கொட்டையைப் போட்டேன், நான்தான் கோல்காப்பாளரும். இடது கைக்கு அடியில் போனது என் இடது கைக்கு அடியில்.

இத்தனை ஆண்டுகளாக நான் எல்லாருக்கும் சொல்லிவந்த கோல் இருபது வயதுக்கு ஒன்று குறைந்த என் அண்ணன், கை முறிந்த நிலையில், தெருவிளக்குக்கு அடியில் லிச்சிக் கொட்டையால் அடித்தது. கேள்வி கேட்டவருக்கு இப்போது கொண்டாட்டமாக இருக்கும். நேரில் போயும் கோலைப் பார்க்காதவள் நான்.

8 மார்ச், பிற்பகல்
வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நேரில் போகிறவர்களில் பாதிப் பேர் கோலைப் பார்ப்பதில்லை. கடலை வாங்கப் போயிருப்பார்கள், முன்னால் இருப்பவர் எழுந்து மறைத்திருப்பார், குழந்தையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போயிருப்பார்கள். காதுக்குத்தான் முதலில் தெரியும். கோல் விழுந்த சத்தமும் தவறிய சத்தமும் வேறு. தவறினால் ஊதிய பலூனிலிருந்து காற்றுப் போவது போல் இறங்கும். விழுந்தால் கூட்டம் ஒரு நொடி மூச்சை உள்ளே இழுக்கும். அந்த ஒரு நொடி மௌனம் ஒலிபெருக்கி வழியாக வீட்டுக்கு வராது.

10 மார்ச்
அப்பாவைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அவர் பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சியில் குப்பை அள்ளவும் சாலை போடவும் வேலைக்கு வைத்த இந்தியர்களுக்கான குடியிருப்பு, பெரும்பாலும் தமிழர்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம், குழாயடியில் வரிசை. ஆனால் மாலையானால் பந்து உருளும். பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது, வீடுகளைக் காலி செய்ய வைத்து சட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள்.

அவருடைய கோயில் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானம். சிறுவயதில் நான் அந்தப் பெயரைக் கறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே கிரே தெருவில் பன்னி சாவ் விற்பார்கள், ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறி ஊற்றித் தருவது. அதனால் கறி ஊற்று என்று ஒன்று இருப்பது எனக்கு இயல்பாகவே பட்டது. உண்மையில் கர்ரி என்பது ஒரு வெள்ளைக்கார நகர்மன்ற உறுப்பினர் பெயர், ஊற்று குடிநீர் ஊற்று. ஒரு காலத்தில் டர்பன் நகரமே அதன் தண்ணீரைத்தான் குடித்தது. நான் ஏமாந்துபோனேன்.

வெள்ளையருக்கு ஒரு லீக், கறுப்பருக்கு ஒரு லீக் என்று பிரித்து வைத்திருந்த காலத்தில், நிறம் பார்க்காமல் ஆடவேண்டும் என்று நின்ற ஃபெடரேஷன் அணிகளுக்கு அந்த மைதானம் தாய்வீடு. 1969 முதல் ஃபெடரேஷனுக்குத் தொழில்முறை லீக்கே இருந்தது. ரேஞ்சர்ஸ் அங்கிருந்து வந்த அணி. 1974 செப்டம்பரில் மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் வெற்றியைக் கொண்டாடத் தடையை மீறிக் கூட்டம் கூடியதும், காவல்துறை நாய்களோடு வந்ததும் அதே இடத்தில்தான். அப்பா அன்று போகவில்லை. வேலைநேரம் மாற்ற முடியவில்லை என்று ஒருமுறையும், பயந்துவிட்டேன் என்று ஒருமுறையும் சொன்னார். இரண்டாவதுதான் உண்மை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதை மெதுவாகச் சொன்னார்.

"இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை" என்பது அந்தக் காலத்து முழக்கம். அப்பா அதை ஒரு விரதம் போலக் கடைப்பிடித்தார். பிரித்து வைத்த மைதானங்களின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பஸ் அந்த வழியாகப் போனாலும் மறுபக்கச் சன்னலைப் பார்ப்பார்.

11 மார்ச்
"அது இந்தியர் அணிதானே, அதுவும் ஒரு பிரிவினைதானே?" என்று ஒருவர். தொடங்கியபோது இந்தியர் சங்கம், ஆமாம். 1996-97இல் களத்தில் ஓடியவர்களைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வி வராது. பயிற்சியாளர் கார்டன் இகசண்ட். பிறகு அவர் பைரேட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் என்று வேறு மூன்று அணிகளுக்கும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், நாட்டின் அணிக்கும் பயிற்சியாளரானார். கிரேக்க வம்சத்து ஜார்ஜ் குமந்தராக்கிஸ் எங்கள் முன்கள ஆட்டக்காரர், நெட்டையான ஆள், 2002 உலகக் கோப்பைக்குப் போனார். அந்தப் பெயர் அப்பாவின் வாயில் நுழையாது. "நம்ம குமார்" என்பார். பக்கத்துப் படிகளிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. படியில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், ஜூலுக்காரர்கள். சண்டை வந்தால் ஆஃப்சைடுக்காகத்தான் வரும்.

14 மார்ச், விடியற்காலை
தூக்கம் வரவில்லை. நாரத்தை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

1992 ஜூலை 7, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினொரு வயது, பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை 1976-இல் வெளியேற்றியிருந்தது. பதினாறு ஆண்டு கழித்து மறுபடி சேர்த்துக்கொண்டது. சேர்த்த கையோடு முதல் ஆட்டம் டர்பனில், கிங்ஸ் பார்க்கில், கேமரூனோடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் உலகக் கோப்பையில் காலிறுதிவரை போன அணி. அப்பாவோடு வேலை செய்தவர் இரண்டு டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டார். கிங்ஸ் பார்க் என்றால் வெள்ளையரின் ரக்பி மைதானம். அப்பா அதற்குமுன் அதன் வாயிலைக்கூட மிதித்ததில்லை. அண்ணன் ஏதோ போட்டிக்கு வெளியூர் போயிருந்தான். அதனால்தான் நான்.

கோட்டு. பழம். தோலைப் பைக்குள் திணிப்பது. எல்லாம் அங்கே நடந்தது. தரையில் குப்பை போட்டால் "இந்தியர்கள் இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் தோலைப் பைக்குள் போட்டார் என்று இப்போது புரிகிறது. சட்ஸ்வொர்த்தில் லிச்சித் தோலை அவர் தாராளமாகக் காலடியில் போட்டார், அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் குனிந்து பொறுக்கியபோது என் உள்ளங்கையில் ஒட்டியவை அவர் போட்ட தோல்கள்.

அந்த ஆட்டத்தில் 82-வது நிமிடம் பெனால்டி. டாக்டர் குமாலோ அடித்தார். இதை நான் பார்த்தேன், என் கண்ணால், குனியாமல். ஒன்றுக்குச் சுழியம். நாடே சொந்த மண்ணில் ஜெயித்தது. கிங்ஸ் பார்க் முழுதும் எழுந்து நின்றது. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி என் தலையைத் தடவினாள்.

அப்பாவும் எழுந்தார். கத்தவில்லை. இரண்டு கையும் கோட்டுப் பையில், தோல்களுக்கு நடுவில்.

14 மார்ச், மதியம்
காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்பா மகிழவில்லை என்று தோன்றும்படி எழுதிவிட்டேன். அது சரியில்லை. பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், பதினொரு வயதுப் பெண்ணின் கையை அப்பாக்கள் பிடிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் தமிழில், "நம்ம பையன்கள் ஜெயித்துவிட்டார்கள் அம்மா" என்றார். பாட்டி, "எந்தப் பையன்கள்?" என்று கேட்டார். அப்பா கோட்டைக் கழற்றிக்கொண்டே நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "எல்லாரும்தான்" என்றார்.

கோட்டுப் பையை மறுநாள் அம்மா உதறியபோது தோல் காய்ந்து சுருண்டிருந்தது. திட்டினார்.

15 மார்ச்
அண்ணனிடம் 1992 பற்றிச் சொன்னேன். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அவனுக்கு அந்தக் கோபம் அடங்கவில்லை. "என் டிக்கெட் அது" என்கிறான்.

18 மார்ச்
ரேஞ்சர்ஸ் இப்போது எங்கே என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 1998-இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது. பிறகு தேய்ந்தது, கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது, உரிமம் விற்கப்பட்டது, கேப் டவுனுக்குப் போனது, பெயரும் மாறிக் காணாமல் போனது. இந்த நாட்டில் லீக்கில் ஆடும் உரிமத்தை வீட்டுமனை போல விற்கலாம், வாங்கலாம். அணி ஒரு ஊரில் படுத்து இன்னொரு ஊரில் எழுந்திருக்கும். ரசிகன் மட்டும் பழைய ஊரிலேயே இருப்பான்.

அப்பா அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்து வைத்தார். உட்கார்வதற்கு மடிப்பது போலவே. இதற்குமேல் இதைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.

19 மார்ச்
கேள்வி கேட்ட தம்பிக்கு. நீங்கள் போன மோசஸ் மபிடாவுக்குப் பக்கத்திலேயே நிற்பதுதான் அந்தக் கிங்ஸ் பார்க். உங்கள் இருக்கைக்கும் அப்பா கையைப் பைக்குள் விட்டு நின்ற இடத்துக்கும் நடுவில் வண்டி நிறுத்தும் வெளிதான். 2010 உலகக் கோப்பை அரையிறுதியில் ஸ்பெயின் ஜெர்மனியை வென்றது நீங்கள் உட்கார்ந்த மைதானத்தில். புயோல் தலையால் முட்டிய கோல். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன், நூறு கோணத்தில் காட்டினார்கள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது தெருவிளக்கும் மாவுக்கட்டும். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உங்களைக் கட்டிப்பிடித்தவர் யார் என்று கேட்டீர்களா? அடுத்த முறை பெயராவது கேளுங்கள். இரண்டு ஆட்டம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மூன்றாவதில் அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடுவீர்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். பழம் கொண்டுபோனால் மடியில் வைக்காதீர்கள்.

31 மார்ச்
நேற்று அண்ணனோடு சட்ஸ்வொர்த் மைதானத்துக்குப் போனேன். எந்தப் படியில் உட்கார்ந்தோம் என்று தீர்த்துவிடலாம் என்று. உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தேன், காவலுக்கு இருந்த ஜூலுப் பெரியவர், எதற்கு என்று கேட்டுவிட்டு விட்டார். படிகளில் வெடிப்புக்குள் புல் முளைத்திருந்தது. அண்ணன் நேராகப் போய் ஒரு படியைக் காட்டினான், கீழிருந்து ஒன்பதாவது. நான் பதினொன்றாவது என்றேன். லிச்சி எத்தனை படி உருண்டது என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம், ஒத்துவரவில்லை.

அண்ணனுக்கு இப்போது நாற்பத்தாறு, ஒரு முழங்கால் சரியில்லை. இருந்தும் கோல் கம்பத்துக்கு முன்னால் போய் நின்றான். "கார்னர் போடு" என்றான். கையில் ஒன்றும் இல்லை. காரில் நார்ட்ஜி இருந்திருக்க வேண்டும், பருவம் இன்னும் வரவில்லை. வெறுங்கையை வீசினேன். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, முறிவு ஆறி இருபத்தேழு ஆண்டு ஆன கையை, எழும்பிக் கழுத்தை ஒரு வெட்டு வெட்டினான். எழும்பியது நான்கு விரற்கடை இருக்கும். இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

காவலாளி பெரியவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று "லடூமா" என்றார், இழுக்காமல், ஏதோ கணக்கில் எழுதிக்கொள்வது போல. பிறகு, ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார்.

"இரண்டுக்கு ஒன்று" என்றான் அண்ணன்.

இரண்டா? எனக்குத் தெரிந்து அன்று ஒரே கோல்தான். மற்ற கோல் எப்போது விழுந்தது, அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டேன். ஹிகின்சன் நெடுஞ்சாலை ஏறும்வரை அவன் சிரித்துக்கொண்டே வந்தான், சொல்லவில்லை.